பழகு கணக்கும் பண வாணிகமும்

(நம் சங்கத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நாணய வாணிகத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டுமென்று சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். இப்பொருளைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் இன்று மிகுதியும் ஏற்பட்டிருக்கின்றது. இராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி முதலிய நம் ஊர்களில், டாலர், யூரோ, யென் ஆகிய நாணயங்களின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கைப்பேசித் திரையில் இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் செய்வது இன்னதென்று பெற்றோர்க்கு விளங்குவதில்லை. பெற்றோர் ஏன் அஞ்சுகின்றனரென்று பிள்ளைகட்கு விளங்குவதில்லை. ஆதலின் இரு திறத்தார்க்கும் பயன்படுமாறு பேச முயல்கின்றேன்.

முதலில் பழகு கணக்கு என்பது யாது என்பதைப் பெரியோர்களுக்குச் சொல்லுதல் வேண்டும். நாணய வாணிகத் தரகு நிறுவனங்கள், புதிதாக வருவோன் கையில் பொய்ப் பணம் கொஞ்சம் கொடுத்து, அதைக்கொண்டு வாங்கவும் விற்கவும் பழகிக்கொள்ளச் சொல்கின்றன. இதனை ‘டெமோ’ என்பர். விலைகள் மெய்யானவை, பணம் மாத்திரம் பொய். பிள்ளை ஒரு மாதம் பழகுகின்றான். பொய்ப் பணம் பெருகுகின்றது. ‘எனக்குத் தொழில் வந்துவிட்டது’ என்று எண்ணி, மறுமாதம் தன் சம்பளத்தை மெய்க் கணக்கில் இடுகின்றான். ஆங்கே தொடங்குகின்றது துன்பம்.

பழகு கணக்கை நான் இகழவில்லை. நீந்தக் கற்போனுக்குச் சுரைக்குடுவை எவ்வளவு உதவுமோ அவ்வளவு அதுவும் உதவும். வாங்கும் கட்டளை, விற்கும் கட்டளை, நஷ்டம் இவ்வளவுக்கு மேற்போகாமல் நிறுத்தும் கட்டளை ஆகியவற்றை இடும் முறையை அது கற்பிக்கின்றது. விலை எவ்வளவு அசைந்தால் கையில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற கணக்கையும் கற்பிக்கின்றது. எண்களைப் பிழையாகத் தட்டிவிடுதல் முதலிய கைத்தவறுகளை அங்கேயே செய்து தீர்த்துக்கொள்வது நலமே.

ஆனால் அது கற்பிக்காதவை நான்கு உள. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகின்றேன்.

முதலாவது அச்சம். பொய்ப் பணம் பத்தாயிரம் குறைந்தால் பிள்ளை சிரிக்கின்றான். தன் பணம் ஆயிரம் குறைந்தால் அவனுக்கு உறக்கம் வருவதில்லை. உறக்கமில்லாதவன் நஷ்டத்தை வெட்டிவிட்டு விலகமாட்டான். ‘விலை திரும்பும், திரும்பும்’ என்று காத்திருப்பான். சிறிய இலாபம் வந்தாலோ, போய்விடுமே என்று உடனே எடுத்துவிடுவான். ஆகவே நஷ்டம் பெரிதாகவும் இலாபம் சிறிதாகவும் முடிகின்றன. பழகு கணக்கில் இக்குணம் வெளிப்படுவதேயில்லை.

இரண்டாவது அளவு. பழகு கணக்கில் இலட்சம் டாலர் வைத்துப் பழகியவன், மெய்க் கணக்கில் இருபதினாயிரம் ரூபாயோடு வருகின்றான். ஆனைக்குப் பாகனாக இருந்து பழகியவன் ஆட்டுக்குட்டியை மேய்க்க வந்தது போன்றது இது. பெரிய முதலில் உறைக்காத அசைவு சிறிய முதலை உருட்டிவிடும்.

மூன்றாவது விலை கிடைக்கும் தன்மை. பழகு கணக்கில் கேட்ட விலைக்கே வாங்கலாம், விற்கலாம். மெய்ச் சந்தையில் அவசர காலத்தில் கேட்ட விலை கிடைப்பதில்லை. சுவிட்ஸர்லாந்து தேசத்து மைய வங்கி, 2011 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் குறையாதபடி காத்துவந்தது. 2015 ஜனவரி 15-ஆம் நாள் முன்னறிவிப்பின்றி அக்காவலை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் யூரோவின் விலை ஒரு பிராங்குக்கும் கீழே வீழ்ந்தது. ‘இந்த விலையில் நிறுத்துக’ என்று கட்டளையிட்டிருந்தவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. இடையில் வாங்குவோரே இல்லை. போட்ட முதலை இழந்ததன்றித் தரகர்க்குக் கடன்பட்டோரும் பலராயினர். லண்டனில் ஒரு தரகு நிறுவனமே மறுநாள் கைவிரித்தது.

நான்காவது அழிக்கும் வசதி. பழகு கணக்கில் பொய்ப் பணம் தீர்ந்துபோனால், ஒரு பொத்தானைத் தொட்டுப் புதிய கணக்குத் தொடங்கலாம். இவ்வசதியே பெருங்கேடு. எழுதிய நஷ்டத்தைத் துடைத்துவிட்டு, வெற்றிபெற்ற மாதத்தை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அதனால் உண்டாகின்றது. கணக்கு எழுதிப் பிழைத்த குலத்தில் பிறந்த நாம், பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தவனை என்ன சொல்வோமென்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் முன்னோர் இத்தொழிலை எங்ஙனம் பழகினரென்பதைக் காண்போம். பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களுக்குக் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார், பிள்ளைகளை எடுத்த எடுப்பில் முதல் கொடுத்து அனுப்பவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, மா என்பது இருபதில் ஒரு பங்கு என்று வாய் சலியாமல் சொல்லப் பழகினான். அது பழகு கணக்கு. அதன்பின் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். பெட்டியடி என்பது கிட்டங்கியில் ஒருவர் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தும் பெட்டியும் கைமேசையும் உள்ள இடம். அங்கே அவன் செய்தது ஏவின வேலையும், சிட்டையைப் பார்த்து எழுதுவதுமே. பின்னர் அடுத்தாள் ஆனான். தவணை வசூலுக்கு நடந்தான். கடன் கேட்டு வந்தவன் முகத்தைப் பார்க்கக் கற்றான். பல ஆண்டுகள் சென்ற பின்னரே மேலாளாகி, முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் கடன் கொடுக்கும் அதிகாரம் பெற்றான். மூன்றாண்டு என்று தவணை குறித்துச் சம்பளம் பேசிச் செல்வதே வழக்கம். கணக்குகள் ஊருக்கு வந்து முதலாளியின் பார்வையில் தேறவேண்டும். ஐந்தொகை கட்டாமல் ஒருவனும் நல்ல பெயரெடுத்ததில்லை.

இம்முறையில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். சுவடிக்கும் முதலுக்கும் இடையே பல படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் கையாளும் பணம் மெய்ப் பணமே. ஆனால் அளவு சிறிது. ஒவ்வொரு படியிலும் மேலிருந்து ஒருவர் கணக்கைப் பார்த்தார். அச்சத்தையும் ஆசையையும் பிள்ளை சிறிய தொகையிலேயே சந்தித்துப் பழகிக்கொண்டான். இன்றைய கைப்பேசி இப்படிகளை எல்லாம் எடுத்துவிட்டது. சுவடியை மூடியவுடன் முதலாளி நாற்காலியில் உட்கார வைக்கின்றது. இதுவே நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை. எடுத்துப் போடப்பட்ட படிகளை மீண்டும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்ட இயலாதவன் ஏறக்கூடாது.

படிகளில் ஏறிய முன்னோரும் வீழ்ந்ததுண்டு. அதனை மறைப்பதிற் பயனில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் பதின்மூன்று ஜில்லாக்களில் நகரத்தார் கைக்கு வந்த நிலம், 1930-இல் சாகுபடி நிலத்தில் 100-க்கு 6 பங்காயிருந்தது, 1937-இல் 100-க்கு 25 பங்காயிற்று. அது விரும்பிப் பெற்ற நிலமன்று. நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமையால் தலையில் வந்து விழுந்த நிலம். பின்னர் யுத்தமும், பர்மா சுதந்தரம் பெற்றபின் வந்த நில தேசியமயச் சட்டமும் அதனைக் கொண்டுபோயின. மலேயாவில் ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள் 1945-இல் வெறுங்காகிதமாயின. பர்மாவில் 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென்று அரசு அறிவித்தது. நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கும் ஒரு காலத்தில் சொந்த நாணயம் இருந்தது. ஒரு புறம் பிரகதாம்பாள், மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கெழுத்துப் பொறித்த அம்மன் காசு. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இன்று அக்காசு பழம்பொருள் சேர்ப்போர் பெட்டியில் இருக்கின்றது. நாணயத்தின் விலை அரசையும், யுத்தத்தையும், ஊரார் நம்பிக்கையையும் பொறுத்தது என்பதை நம்மவரைப்போல் அனுபவித்து அறிந்தார் சிலரே. திரைக்கோட்டை மாத்திரம் பார்த்து அதனை அறிந்துவிட்டதாக எண்ணலாகாது.

அந்நியச் செலாவணித் தொழில் நமக்குப் புதிதன்று என்றும் சொல்லவேண்டும். கானாடுகாத்தான் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் அவர்கள் 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார்கள். கடல் கடந்த வங்கித் தொழிலும் செலாவணியுமே அதன் நோக்கம். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பெற்றது. அவர்கள் செய்த தொழிலுக்கும் கைப்பேசியில் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது? அங்கே அரிசியும் தேக்கும் ரப்பரும் கப்பலில் சென்றன. அவற்றின் பின்னே பணம் சென்றது. கைப்பேசியில் சரக்கும் இல்லை, கப்பலும் இல்லை. விலை ஏறுமா இறங்குமா என்ற பந்தயமே பெரும்பாலும் உளது.

இனிச் சட்டம். இதனை இளைஞர்கள் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். நம் தேசத்தில் வசிப்போர் அந்நிய நாணயத்தில் நடத்தும் வியவகாரம் 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கீகாரம் பெற்ற வங்கி முதலியவர்களோடும், அங்கீகாரம் பெற்ற சந்தைகளிலுமே அதனைச் செய்யலாம். வெளிதேசத்து இணையத் தரகர்க்கு முன்பணம் அனுப்புதல் கூடாது. மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. அங்கீகாரமற்ற நிறுவனங்களின் பெயர்களை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிட்டது. முதலில் 34 பெயர்கள் இருந்தன. பின்னர் மேலும் சேர்க்கப்பட்டன. பட்டியலில் பெயர் இல்லை என்பதனால் ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

நம் தேசத்துச் சந்தையில் நாணய முன்பேர வாணிகம் 2008 ஆகஸ்டு 29-ஆம் நாள் தேசியப் பங்குச் சந்தையில் தொடங்கிற்று. ஆனால் ரூபாய் சேர்ந்த ஒப்பந்தங்களை, டாலர் வரவேண்டியவரும் கொடுக்கவேண்டியவரும் தம் இடரைக் காத்துக்கொள்ளவே பயன்படுத்தலாமென்று 2024-இல் ரிசர்வ் வங்கி திட்டமாகக் கூறிவிட்டது. ஓர் ஏற்றுமதியாளர்க்கு மூன்று மாதத்திற்குப் பின் டாலர் வரவேண்டியிருந்தால், அதன் விலையை இன்றே உறுதி செய்துகொள்ளலாம். வரவுமில்லாமல் செலவுமில்லாமல் விலையசைவில் மாத்திரம் பணம் பண்ண நினைப்பவனுக்கு அக்கதவு திறந்திருக்கவில்லை. ஆகவே ‘இருபதினாயிரம் போட்டால் மாதம் இரட்டிப்பு’ என்று விளம்பரம் செய்வோன், ஒன்று சட்டத்தை மறைக்கின்றான். அல்லது பணத்தையே மறைக்கப் போகின்றான்.

பணத்தை மறைக்கும் முறையையும் சொல்லிவிடுகின்றேன். அறியாத ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கின்றார். முதலில் சிறிது இலாபம் கையிலேயே தருகின்றார். நம்பிக்கை பிறந்தபின் பெருந்தொகை போடச் சொல்கின்றார். திரையில் இலாபம் இலட்சக்கணக்கில் காட்டப்படுகின்றது. எடுக்கப் போனால், ‘முதலில் வரி கட்டுக, பிறகு எடுக்கலாம்’ என்பர். மெய்யான தரகர் எவரும் தம் இலாபத்தை எடுக்க வருவோனிடம் புதிதாகப் பணம் கேட்பதில்லை. அங்ஙனம் கேட்டவுடனே நிறுத்தி, 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கின்றோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு ஒளித்துவைக்கும் வீட்டில்தான் நஷ்டம் இரட்டிக்கின்றது. பெற்றோர்கள் அந்நேரத்தில் பிள்ளையை வையாது உடன் நிற்க வேண்டும்.

மெய்யான சந்தைகளிலும் நிலைமை யாது? பங்குச் சந்தையின் முன்பேர ஒப்பந்தங்களில் 2021-22 முதல் 2023-24 வரை ஈடுபட்ட தனிமனிதர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் கணக்குகளைச் செபி ஆராய்ந்தது. 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர்; நஷ்டம் தலைக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அது பங்கு வாணிகம். நாணயம் முதலியவற்றின் விலை வித்தியாசத்தில் சிறு முதலோடு பந்தயம் கட்டுவோரின் கணக்குகளில், 100-க்கு 74 முதல் 89 வரை நஷ்டத்தில் இருந்தன என்று ஐரோப்பியக் கண்காணிப்புச் சபை 2018-இல் கூறி, முக்கியமான நாணயங்களில் போட்ட முதலைப்போல் 30 மடங்குக்கு மேல் வாணிகம் செய்யக்கூடாதென்று வரம்பு கட்டிற்று. ஜப்பானும் 2011-இல் 25 மடங்கென்று வரம்பு கட்டியது. அங்கீகாரமற்ற தரகர்களோ சில நூறு மடங்கு தருகின்றனர். நூறு மடங்கில் நிற்பவனுக்கு விலை 100-க்கு 1 எதிராக அசைந்தால் முதல் முழுவதும் போயிற்று. இதற்கு எண்சுவடியும் வேண்டா; விரல்விட்டு எண்ணினாலே போதும்.

சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களில் வசித்து, அவ்விடத்துச் சட்டப்படி இத்தொழிலில் இறங்கக்கூடிய பிள்ளைகளும், இங்கே ஏற்றுமதி இறக்குமதி செய்து மெய்யான தேவை உடையவர்களும் நம்முள் உளர். அவர்கள் பழகு கணக்கிலிருந்து மெய்க் கணக்கிற்குச் செல்லும்போது கடைப்பிடிக்க வேண்டுவனவற்றைச் சொல்கின்றேன்.

பழகு கணக்கில் வைக்கும் பொய்ப் பணம், பின்னர் இடப்போகும் மெய்ப் பணத்தின் அளவே இருக்கவேண்டும். ஒவ்வொரு வியவகாரத்துக்கும் முன்னர், ஏன் வாங்குகின்றேன், எங்கே நிறுத்துவேன் என்பதைக் கையால் ஏட்டில் எழுதவேண்டும். நூறு பதிவுகளாவது ஆகுமட்டும் மெய்க் கணக்குத் தொடங்கலாகாது. இடையில் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கினால், எண்ணிக்கையும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். நூறு பதிவின் முடிவில் ஐந்தொகை கட்டிப் பார்க்க வேண்டும். தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் கழித்த பின்னும் மிச்சம் நிற்கவில்லையானால், மெய்க் கணக்கிலும் நிற்காது.

மெய்க் கணக்குத் தொடங்கினால், முதற்படி மிகச் சிறியதாக இருக்கட்டும். ஓர் உதாரணம். நம் சந்தையில் டாலர் ஒப்பந்தம் ஒன்று ஆயிரம் டாலர் கொண்டது. டாலர் விலை ஒரு ரூபாய் அசைந்தால் ஆயிரம் ரூபாய் வரும் அல்லது போகும். கையில் இருபதினாயிரம் உடையவன், ஒரு தடவைக்கு 100-க்கு 1 பங்குதான் இழக்கலாமென்று வரம்பு வைத்தால் அது 200 ரூபாய். அதாவது இருபது காசு எதிராக அசைந்தவுடன் வெளியேற வேண்டும். இருபது காசு அசைவதற்கு ஒரு நாளே போதும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவனுக்குத் தன் முதல் இத்தொழிலுக்குப் போதுமா, போதாதா என்பது உடனே விளங்கும். மேலும் 100-க்கு 10 இழந்தவன் பழைய நிலைக்கு வர 100-க்கு 11-க்கு மேல் ஈட்டவேண்டும். பாதியை இழந்தவன் இருப்பதை இரட்டிக்க வேண்டும். ஆகவே இழக்காமலிருத்தலே முதற்பாடம்.

நஷ்டத்தை மீட்பதற்காகத் தொகையை இரட்டித்தல் கூடாது. மாதத்துக்கு இவ்வளவுதான் நஷ்டம் என்று முன்னமே வரம்பு எழுதி, அது தொட்டவுடன் அம்மாதத்துக்குக் கடையைக் கட்டவேண்டும். கடன் வாங்கிய பணம், வீட்டுப் பெண்களின் நகை, பிள்ளைகளின் படிப்புப் பணம், கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கிய பணம் ஆகிய நான்கும் இவ்வாணிகத்தின் வாசலையும் மிதிக்கலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, மாதந்தோறும் கணக்கைக் காட்ட ஒரு மேலாள் வேண்டும். தகப்பனாராக இருக்கலாம், மாமனாக இருக்கலாம், கணக்குத் தெரிந்த தமக்கையாகவும் இருக்கலாம். காட்ட அஞ்சும் கணக்கு நடத்தத் தகாத கணக்கு.

இளைஞர்களே! வாணிகம் வேண்டாமென்று உங்களைத் தடுக்க நான் வரவில்லை. கடல் கடந்தவர்களின் பேரர்கள் துணிவை விட்டுவிட்டால் அதுவும் குறையே. ஆனால் அவர்கள் துணிந்தது கணக்கை முடித்த பிறகு. ஓராண்டு ஏடெழுதி, ஐந்தொகை கட்டிப் பார்த்து, ‘இது எனக்கு ஆகாது’ என்று ஒருவன் திரும்பிவிட்டால், அவன் தோற்றவனல்லன். ஒரு காசும் இழவாமல் பெரும்பாடம் கற்றவன். அவனை நாம் பாராட்ட வேண்டும். பெற்றோர்களே! இன்றிரவு வீடு சென்றதும் பிள்ளையிடம் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், ஏட்டைக் கேளுங்கள். ஏடு இல்லையென்றால், நாளைக்கு ஓர் ஏடு வாங்கிக் கொடுங்கள்.

நம் மொழியில் செலவழிக்கும் காசுக்கும் நாணயம் என்றே பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். முன்னதை வாங்கி விற்கப் புறப்படுவோர் பின்னதை முதலாக வைத்துப் புறப்படுவார்களாக.